பிறந்த நாளும் சேர்த்தாக்கும்

காரோடு
3 ஜூலை 2025

அனுவுக்கு,

வாட்ஸப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். போன் செய்தால் முழுதாக அடித்து ஓய்கிறது. மின்னஞ்சலைப் படிக்காமலே அழித்துவிடுவாய் என்று உன் அண்ணனே சொல்கிறார். தபால்காரரைத் தடுக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை, ஆகவே ஸ்பீட் போஸ்ட். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. வேலை விஷயம்.

ஒபாலா புரோகிராமிங் மொழியின் ஆவணங்கள் தமிழில் ஏறக்குறைய முடிந்துவிட்டன. பாக்கி ஒரே ஒரு அத்தியாயம்தான், நேரத்தைக் கையாளும் ஃபங்ஷன்களின் அத்தியாயம். இப்போது மணி என்ன என்று சொல்வது, ஒரு தேதியோடு நாள் கூட்டுவது, ஒரு ஊர் மணியை இன்னொரு ஊர் மணியாக மாற்றுவது என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்திலிருந்து தமிழில் நான் எழுதினேன். நீ ஒவ்வொரு உதாரணத்தையும் உன் கணினியில் ஓட்டிப் பார்த்து ஒப்பம் போட்டாய். அதுதான் நம் தமிழ்க் குழுத் தலைவர் ஈசாக் சார் வைத்திருக்கும் விதி. ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் ஓட்டிப் பார்க்க வேண்டும். மே மாதம் நீ கோபித்துக்கொண்டு போன மறுநாளே அத்தனை பக்கத்திலிருந்தும் உன் ஒப்பத்தை உருவிக்கொண்டாய்.

ஆகஸ்ட் பத்துக்குள் இரண்டாவது ஒப்பம் விழவில்லை என்றால், ஒரு அத்தியாயம் குறைகிறது என்று சொல்லித் தமிழையே புதிய பதிப்பின் பட்டியலில் சேர்க்கமாட்டார்களாம். ஈசாக் சார் நேற்று தெரிவித்தார். நேர அத்தியாயத்துக்கு உன்னையும் என்னையும் விட்டால் வேறு ஆள் கிடையாது.

டெக்னோபார்க் வேலையை விட்ட பிறகு என் பெயர் போட்டு வெளியே வரப்போகிற ஒரே காரியம் இதுதான், அனு. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் உன் அப்பா, "மருமவ கம்ப்யூட்டர்ல என்னமோ நோண்டிட்டு இருக்கா" என்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லையே.

அண்ணன் மனைவிமேல் கோபம் இருக்கட்டும். பக்கங்கள் உன்னை என்ன செய்தன?

மைனி,
பிரேமகுமாரி

பி.கு: மிதுலா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள். நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

*

ஹைதராபாத்
9 ஜூலை 2025

மைனிக்கு,

கிழிக்கவில்லை. தபால்காரர் கையெழுத்து வாங்கிக் கொடுத்தபோது ஆபீசே எழுந்து நின்று பார்த்தது. கோர்ட் நோட்டீஸா என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள். கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

பக்கங்கள் என்ன செய்தன என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

நாள் கூட்டும் ஃபங்ஷனுக்கு நீங்கள் எழுதிய உதாரணம் இது: "குழந்தை பிறந்த தேதியோடு இருபத்தெட்டைக் கூட்டினால் அரைஞாண் கட்டும் இருபத்தெட்டு கெட்டு வரும் நாள் கிடைக்கும்." மிதுலா பிறந்தது ஏப்ரல் ஐந்து. உங்கள் உதாரணத்தில் அந்தத் தேதியைப் போட்டு ஓட்டினேன். மே மூன்று என்று வந்தது. நம்பி டிக்கெட் எடுத்தேன். முப்பது மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்தேன். பையில் தங்க அரைஞாண். நம் வீட்டில் கறுப்புக் கயிற்றைப் பிள்ளையின் அப்பா கட்டுவார், தங்கத்தை அத்தைதான் கட்ட வேண்டும் என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! எனக்கு அண்ணன் ஒருவன்தான். அவனுக்குப் பிள்ளை இவள் ஒருத்திதான்.

மே மூன்று காலை நெய்யாற்றின்கரையில் இறங்கி, ஆட்டோ பிடித்து வாசலில் வந்து நிற்கிறேன். ராபின்சன் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். விசேஷம் முந்தின நாளே முடிந்துவிட்டது. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பிறந்த நாளும் சேத்தாக்கும் எண்ணணும் மக்கா. இது கூடவா தெரியாது?" பந்தல்கார ராபின்சன் ஏணிமேல் நின்று சிரித்தான்.

வாயைத் திறந்து ஒருவரும் தேதி சொல்லவில்லை. "இருபத்தெட்டுக்கு வாறேன்" என்று அஜேஷ் அண்ணனிடம் சொன்னேன். "வா" என்றான். அவ்வளவுதான். உங்கள் அம்மா, தங்கச்சி, அவள் பிள்ளைகள் எல்லோரும் மார்த்தாண்டத்திலிருந்து சரியான நாளில் வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு மட்டும் தப்புக் கணக்கு. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று அன்றைக்குக் கத்தினேன். இன்றைக்கும் பாதி மனசு அப்படித்தான் சொல்கிறது.

தப்பான உதாரணத்துக்கு என் பெயரை மறுபடியும் வைக்கமாட்டேன். அதை எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

அனுமோள்

குப்புற விழுகிறாள் என்றால் கட்டிலில் தனியாகப் போடாதீர்கள். கீழே பாய் விரியுங்கள்.

*

காரோடு
14 ஜூலை 2025

அனு,

வேண்டுமென்றே செய்தேனாம்! நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

நான் உதாரணம் எழுதினது ஒரு ஃபங்ஷனை விளக்க. அதைப் பார்த்து ரயில் டிக்கெட் எடு என்று நானா சொன்னேன்? நீ பிறந்த வீடு இது. சொந்தத்தில் எத்தனை இருபத்தெட்டு கெட்டுக்குப் போய்ப் பாயசம் குடித்திருப்பாய்? ஒரு தடவையாவது எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டாயா? நானும் கேட்கவில்லை, சரி. பிள்ளை பெற்ற உடம்போடு எண்ணெயும் வெந்நீருமாகக் கிடந்தேன். காலண்டரைப் பார்த்து நாள் சொன்னது உன் அப்பா. என் உதாரணம் ஒரு நாள் தள்ளிப்போகிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ முற்றத்தில் நின்று ஊரைக் கூட்டிவிட்டாய். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனாய்.

வாசல்படி தாண்டி நீ உள்ளே வரவே இல்லை. வந்திருந்தால் பார்த்திருப்பாய். மிதுலா இடுப்பில் உன் அண்ணன் கட்டின கறுப்புக் கயிறு மட்டும்தான் கிடந்தது. என் அம்மா தங்கம் கொண்டுவந்திருந்தாள். வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, "அத்தை வந்து கெட்டட்டும்" என்றேன். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊருக்குப் போகும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்றைக்கும் உன் மருமகள் இடுப்பில் அந்தக் கறுப்புக் கயிறுதான் கிடக்கிறது. போதுமா?

உதாரணத்தை எடுக்கமாட்டேன். பிறந்த நாளையே ஒன்று என்று எண்ணுவது நம் வழக்கம். ஃபங்ஷன் அடுத்த நாளிலிருந்துதான் எண்ணுகிறது. எழுதின நானும் விழுந்தேன், ஓட்டிப் பார்த்த நீயும் விழுந்தாய். அப்படியானால் நாளைக்குப் படிக்கிறவனும் விழுவான். அந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை வைக்க வேண்டும் என்று ஈசாக் சாரிடம் கேட்டேன். ஆங்கில மூலத்தில் இல்லாத விஷயத்தை மொழிபெயர்ப்பில் சேர்க்க முடியாது, உதாரணத்தை மட்டும்தான் மாற்றலாம் என்று கைவிரித்துவிட்டார்.

இனி உன் இஷ்டம். கெஞ்சமாட்டேன்.

பிரேமா

*

ஹைதராபாத்
21 ஜூலை 2025

மைனிக்கு,

கறுப்புக் கயிறு என்று வாசித்த இடத்தில் ஆபீஸ் கேண்டீனில் வைத்து அழுதுவிட்டேன். வெங்காயம் என்று சமாளித்தேன். தட்டில் இருந்தது தயிர்சாதம். பக்கத்து சீட்டுக்காரி லாவண்யா, எந்த ஊரில் தயிரில் வெங்காயத்தை இப்படி உரிக்கிறார்கள் என்று கேட்டாள். முழுக்கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். லாவண்யா தெலுங்குக்காரி. அவர்கள் வீட்டில் இருபத்தோராம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போடுவார்களாம். "உன் மகன் பிறந்த தேதியைச் சொல்லு, எப்போது தொட்டிலில் போட்டீர்கள் என்று ஒபாலாவில் கண்டுபிடி" என்றேன். அவளும் இருபத்தொன்றைக் கூட்டினாள். வீட்டுப் போட்டோவில் இருந்த தேதியோடு ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் அதிகம்! புனேக்காரன் ஒருவன் பன்னிரண்டாம் நாள் பெயர் வைத்த கணக்கைப் போட்டான். அவனும் குழிக்குள். கடைசியில் எங்கள் டீம் தலைவர், ஒபாலாவிலேயே பத்து வருஷமாக எழுதுகிற மனிதர், "ஃபங்ஷன் சரி, உங்கள் வீட்டுக்காரர்களுக்குத்தான் எண்ணத் தெரியவில்லை" என்று பிரசங்கம் செய்தார். அவர் மகள் விசேஷத்தைக் கேட்டோம். போட்டார். ஒரு நாள் அதிகம். பிறகு வெளியே போய் அம்மாவுக்குப் போன் செய்தார். திரும்பி வந்து தன் கணக்கில் ஒன்றைக் கழித்தார்.

அன்றைக்கு சாயங்காலம் ஆங்கில மூலத்தை எழுத்தெழுத்தாக வாசித்தேன். "கொடுத்த தேதியோடு நாட்களைக் கூட்டும்" என்று இருக்கிறது. தொடங்கும் நாள் எண்ணிக்கையில் உண்டா இல்லையா என்று ஒரு வரி கிடையாது. மைனி, ஓட்டை உங்கள் பக்கத்தில் இல்லை. மூலத்திலேயே இருக்கிறது! மேலே கூரை ஒழுகும்போது நாம் தரையைத் துடைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

மூலக் குழுவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். இந்தப் பக்கத்தில் எச்சரிக்கை வேண்டும், இன்ன காரணம் என்று. மற்ற பக்கங்களுக்கெல்லாம் நேற்றே ஒப்பம் போட்டாயிற்று. நாள் கூட்டும் பக்கம் ஒன்றுதான் பாக்கி. அதற்கு மூலம் மாறினால்தான் என் ஒப்பம். பிடிவாதம்தான். நம் அப்பா எனக்கு எழுதிவைத்த சொத்து அது ஒன்றுதானே.

நீங்கள் வேண்டுமென்றே செய்யவில்லை. அந்தப் பாதி மனசையும் துடைத்தாயிற்று.

அனு

*

காரோடு
27 ஜூலை 2025

அடியே அனு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த மிதுலா எழுந்துவிட்டாள். அடுத்த நிமிஷமே காலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்ட் பத்து! மூலக் குழுவில் ஒரு கேள்வி போட்டால் மாதக்கணக்கில் தூசி பிடித்துக் கிடக்கும். ஒரு பக்கம் பாக்கி நின்றாலும் தமிழ் வெளியே நிற்கும். "உதாரணத்தை எடுத்துவிடுகிறேன், ஒப்பத்தைப் போட்டுவிடு" என்று உனக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

எழுதவில்லை. பக்கத்தில் மிதுலா தன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தாள். இதைத் தெரிந்தே மறைத்துவிட்டு என் பெயரைப் போட்டுக்கொண்டு யாரிடம் காட்டப்போகிறேன்? போடாதே. நில். நானும் உன்கூட நிற்கிறேன். போனால் போகட்டும்.

ஆனால் வெறுங்கையோடு கேட்டால் நம்மை விரட்டிவிடுவார்கள். எழுதியே கொடுத்துவிடுவோம். இதோ நான் எழுதினது:

"கவனிக்க: இந்த ஃபங்ஷன் தொடங்கும் நாளை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. மனிதர்கள் பல இடங்களில் சேர்த்து எண்ணுவார்கள். உதாரணம்: கேரளத்தின் தெற்கு எல்லைக் கிராமங்களில், குழந்தை பிறந்த நாளையே ஒன்று என்று வைத்து, இருபத்தெட்டாம் நாள் அதன் இடுப்பில் அரைஞாண் கட்டுவார்கள். அந்த நாளைக் கண்டுபிடிக்க இருபத்தேழைக் கூட்டுங்கள். இருபத்தெட்டைக் கூட்டினால், பந்தலைப் பிரிக்கும்போது வந்து சேர்வீர்கள்."

இதை ஆங்கிலத்தில் ஆக்குவது உன் பொறுப்பு. கடைசி வரியில் கை வைத்தாயானால் தெரியும்.

பிரேமா

*

ஹைதராபாத்
9 ஆகஸ்ட் 2025

மைனி! மைனி! மைனி!

இது கைக்கு வருமுன்னே திரையில் பார்த்திருப்பீர்கள். வாட்ஸப் தடுப்பையும் எடுத்துவிட்டேன். இருந்தாலும் தாளில் எழுதியே தீருவேன். தபால்காரருக்கும் இதில் பங்கு உண்டு.

ஜெயித்துவிட்டோம்!

மூலக் குழுவில் நம் எச்சரிக்கையைப் பார்த்த முதல் ஆளே மறுத்தான். கிராமத்துச் சடங்குக்கெல்லாம் ஆவணத்தில் இடமில்லை என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. உங்களைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு, "கிராமத்தை விடுங்கள். உங்கள் பக்கத்தில் தொடங்கும் நாள் சேர்த்தியா இல்லையா என்று எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டேன். தேடப் போனான். அதற்குள் ஒரு ஜெர்மன்காரர் வந்து, அவர்கள் பேச்சில் எட்டு நாள் என்றால் ஒரு வாரம்தான் என்றார். ஒரு பிரெஞ்சுக்காரி, அவர்கள் ஊரில் பதினைந்து நாள் என்றால் இரண்டே வாரம் என்றாள். எங்கள் டீம் தலைவர் வேறு வந்து, தானும் மகள் விசேஷத்தில் தவறவிட்ட கணக்கை எழுதினார்! உலகம் முழுக்க நம்மைப் போல ஆட்கள் நிறைய உண்டு மைனி, யாரும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

கடைசியில் மூல நேர அத்தியாயத்தை எழுதின அம்மாளே வந்தார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், இது என் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி என்று எழுதினார். நம் பத்தியை அப்படியே எடுத்துக்கொண்டார். அப்படியே! பந்தலும் சேர்த்து! இனி எந்த மொழியில் இந்தப் பக்கம் வந்தாலும் அது இருந்தாக வேண்டும். ஜப்பான்காரன் உட்கார்ந்து "பந்தலைப் பிரிக்கும்போது வந்து சேர்வீர்கள்" என்பதை மொழிபெயர்க்கப் போகிறான். கீழே இரண்டு பெயர் இருக்கிறது. பிரேமகுமாரி, அனுமோள், காரோடு.

நேற்று மத்தியானம் என் ஒப்பத்தைப் போட்டேன். லாவண்யா ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தாள்.

அனு

*

காரோடு
17 ஆகஸ்ட் 2025, சிங்ஙம் ஒன்று, மலையாள வருஷப் பிறப்பு

என் அனுவுக்கு,

மொழிகளின் பட்டியலில் தமிழ் என்று வந்ததைப் பார்த்ததும் உன் அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கவனிக்க" என்ற இடத்திலிருந்து சத்தமாக வாசித்தார். பந்தல் வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

"இது நான் அண்ணைக்குச் சொன்னதுல்லா?"

"ஆமா மாமா, நீங்க சொன்னதுதான்."

"இது வெளிநாட்டுக்காரனும் வாசிப்பானா?"

"வாசிப்பான் மாமா."

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சந்திப்பு டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததை உன் அண்ணன் வந்து சொன்னார். "எனக்க மவளும் மருமவளும் சேந்து எழுதினதாக்கும்! இனி உலகத்துல ஒருத்தனும் பிறந்த நாளை விட்டுட்டு எண்ணமாட்டான்" என்று மாமா கை வீசிப் பேசியிருக்கிறார். பந்தல்கார ராபின்சன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவன், "நாம எப்பளும் அப்பிடித்தானே எண்ணுது, அதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?" என்று கேட்டிருக்கிறான்.

"எலே, நாம எண்ணுது நமக்குத்தானே தெரியும்? கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லிக் குடுப்பா? எனக்க பிள்ளைகளாக்கும் சொல்லிக் குடுத்தது. உனக்க பந்தலும் அதில உண்டு!"

தன் பந்தல் உலகம் முழுக்கப் போகிறது என்று கேட்டதும் ராபின்சன் எழுந்துவிட்டானாம். நேற்று வீட்டுக்கே வந்து, "அனு அக்கா வந்தா சொல்லுங்க, அண்ணைக்குச் சிரிச்சது தப்பாப் போச்சு" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

அடுத்த பதிப்புக்கு நேர அத்தியாயத்தின் பொறுப்பை ஈசாக் சார் என்னிடமே கொடுத்துவிட்டார். உன் அப்பா இப்போது வருகிறவர்களிடம், "மருமவளுக்கு வேலை உண்டு, சத்தம் போடாதீங்க" என்கிறார். அதைக் கேட்டு அடுக்களையில் நின்று நன்றாக அழுதேன். சந்தோஷ அழுகை, பயப்படாதே.

மிதுலாவுக்கு முதன்முதலாகச் சோறூட்டு வைத்திருக்கிறோம். செப்டம்பர் எட்டு, திங்கட்கிழமை காலை. எண்ணாதே, கூட்டாதே, தேதியைப் பார்த்து வா. கறுப்புக் கயிறு இறுக ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவை தளர்த்திக் கட்டினேன். பீரோவில் என் அம்மா கொடுத்த தங்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. முதலில் உன்னுடையது விழட்டும், பிறகுதான் அது.

உன் மைனி,
பிரேமா

*

ஹைதராபாத்
23 ஆகஸ்ட் 2025

மைனிக்கு,

டிக்கெட் எடுத்தாயிற்று. செப்டம்பர் நாலாம் தேதி காலையில் இறங்குகிறேன். ஓணச் சாப்பாட்டுக்கும் ஒரு இலை எனக்கு உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன் காலண்டர் பார்த்தேன், அப்பாவிடம் கேட்டேன், ஒபாலாவிலும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் கை வைத்தேன்.

அரைஞாணை நகைக்கடையில் கொடுத்து இரண்டு கண்ணி சேர்க்கச் சொன்னேன். "பிள்ளைக்கு எத்தனாவது மாதம் நடக்கிறது?" என்று கடைக்காரர் கேட்டார். "பிறந்த மாதத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிள்ளை போட்டோ இருந்தால் காட்டுங்கம்மா" என்றார்.

வாசல்படி தாண்டி உள்ளே வந்து அவளைத் தூக்கிய பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பேன்.

ராபின்சனிடம் சொல்லிவையுங்கள். நான் வந்து இறங்குவதற்கு முன் அவன் ஒரு கழிகூட நடக்கூடாது. இந்தத் தடவை பந்தலுக்கு முதல் கால் நான்தான் பிடிப்பேன்.

அத்தை,
அனுமோள்